சந்தன நிறம் வரும்வரை

கஜபதியின் புல்லட் வண்டி குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றதோடு போன வாரம் நாம் பிரிந்தோம். வண்டிச் சத்தம் அடங்கியதும் வீட்டுக்குள் ஸ்பூன் சத்தமும் அடங்கியது. ரோஸி கையில் டம்ளரோடு அடுப்படியில் அப்படியே நின்றாள்.

மறந்தவர்களுக்கும் இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்கும் நாலு வரி சொல்லிவிடுகிறேன். ரோஸியின் புருஷன் அருள்தாஸ் கல்யாண வீடுகளில் எஸ்பிரஸோ காபி மெஷின் ஓட்டுகிறவன். மெஷின் கஜபதியுடையது. அம்பத்தூர் வட்டாரத்தில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் பந்தல், நாற்காலி, சமையல் எல்லாம் கஜபதிதான். போன மாதம் ஒரு ரிசப்ஷனில் அந்த மெஷின் வெடித்தது. பக்கத்தில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த எல்லம்மா, மேனாம்பேட்டு அப்பாவு என்கிறவரின் மனைவி, ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் துடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். அருள்தாஸுக்கு முகம் வெந்து இரண்டு கண்ணிலும் கட்டு. இடது கண் போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலது கண்ணைப் பற்றிக் கேட்டால், கட்டைப் பிரித்துப் பார்ப்போம் என்கிறார்.

நாளைக்கு இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்து அருள்தாஸிடம் வாக்குமூலம் வாங்கப் போகிறார். அதற்கு முந்தின நாள் காலையில் கஜபதி வந்து இறங்குகிறான் என்றால், நலம் விசாரிக்க மட்டும் வந்திருக்க மாட்டான்.

மாமியார் ஞானகுமாரிதான் கதவைத் திறந்தாள். அவனைக் கண்டதும் அவள் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் வீடு தேடி வந்தவனை வாசலோடு அனுப்புகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டாள். அடுப்படிப் பக்கம் திரும்பி, காபி கொண்டு வரச் சொன்னாள். எல்லாம் போய்விட்டாலும் சில மனுஷர்களிடம் இந்த மரியாதை மட்டும் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. எதற்கென்றுதான் தெரியவில்லை.

ரோஸி மறுபடி டம்ளரைக் கையில் எடுத்தாள்.

வெடித்த நாளிலிருந்து அருள்தாஸ் டிகாக்‌ஷன் காபியைத் தொடுவதில்லை. மெஷின் காபிதான் வேண்டும் என்றான். அந்தப் பேச்சைக் கேட்டு ஞானகுமாரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். முகத்தைப் பொசுக்கிய சனியன் இன்னும் இவனை விடவில்லையே என்று அவளுக்கு ஆத்திரம். ரோஸிக்கு மட்டும் புரிந்தது. அவனுக்கு உலகத்தில் நன்றாகத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். கண் இல்லாமலும் அந்த வேலை தன் கையில் இருக்கிறதா என்று பார்க்க ஆசைப்பட்டான்.

மெஷின் இல்லாமல் அதை எப்படிச் செய்வது என்று அவனே படுத்த படுக்கையில் சொல்லிக் கொடுத்தான். வெந்நீரில் கரைகிற காபித்தூள் ஒரு ஸ்பூன், சர்க்கரை இரண்டு ஸ்பூன், மேலே நாலே சொட்டுத் தண்ணீர். டம்ளரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஸ்பூனால் அடிக்க வேண்டும். முதலில் தார் மாதிரி கறுப்பாக ஒட்டும். கை வலிக்க வலிக்க அடித்தால் செம்மண் நிறமாகும். அப்போதும் விடக்கூடாது. அரைத்த சந்தனத்தின் நிறம் வந்து, ஸ்பூனைத் தூக்கினால் விழாமல் நிற்க வேண்டும். அதன் பிறகு பொங்கின பாலை உயரத்திலிருந்து ஒரே ஊற்றாக ஊற்றினால், கல்யாண வீட்டில் ஆவி விட்டு எழுப்புகிற அதே நுரை டம்ளர் விளிம்பு வரைக்கும் ஏறி வரும்.

பதம் வந்துவிட்டதா என்பதை அருள்தாஸ் காதால் சொல்லிவிடுவான். கலகலவென்று இருந்த ஸ்பூன் சத்தம் மெத்தென்று மாறும்போது, போதும், பாலை ஊத்து என்று கட்டிலிலிருந்து குரல் வரும்.

இன்றைக்கு அந்தக் குரல் வரவில்லை. கூடத்தில் கஜபதி பேச ஆரம்பித்திருந்தான். கூடத்துக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு சேலைத் திரைதான்.

ரோஸி காபியைக் கொண்டுபோய் வைத்தாள். கஜபதி ஒரு வாய் உறிஞ்சினான். நெற்றியில் பட்டையாக விபூதி, பாக்கெட்டில் சீப்பு, மீசையில் இப்போது நுரை. மெஷின் இல்லாமலே இப்படி வருகிறதே என்று அவன் நிஜமாகவே வியந்துபோனான். அந்த வாயை அப்படியே கிழிக்கலாம் போலிருந்தது அவளுக்கு.

அவன் பாக்கெட்டிலிருந்து பேப்பரில் சுற்றின எதையோ எடுத்து ஸ்டூல் மேல் வைத்துப் பிரித்தான். சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பித்தளைத் துண்டு. ஒரு பக்கம் மரை, மறு பக்கம் குமிழ்.

"போலீஸு வர்றதுக்கு முன்னாடியே எட்துட்டேன் தங்கச்சி," என்றான் கஜபதி. "சேப்டி வால்வு இருக்கவேண்டிய எடத்துல இது கீது. ஆவி போறதுக்கு வழியே இல்லாம கச்சிதமா அடச்சிக்கீறான். வெடிக்காம இன்னா பண்ணும்?"

அருள் அப்படிச் செய்கிறவன் இல்லை என்று ஞானகுமாரி சொன்னாள். வால்வு ஒழுகுகிறது, மாற்றிக் கொடுங்கள் என்று அவன் எத்தனை முறை கஜபதியின் வீட்டுப் படி ஏறினான் என்றும் கேட்டாள். அந்தக் கேள்வி போலீஸ் வாயிலிருந்து வந்தால் பழி மெஷின்காரன் தலையில்தான் விழும் என்பது கஜபதிக்குத் தெரியும். காபியை ஆற அமரக் குடித்தான்.

"நடந்தது நடந்துபோச்சு. நாளைக்கு இன்ஸ்பெக்டர் கேக்கும்போது, நொர நல்லா எழும்பணும்னு நான்தான் அடச்சேன்னு அருளு ஒரே ஒரு வார்த்த சொல்லட்டும். கண்ணு தெரியாதவன உள்ள தள்ள மாட்டானுங்க. அதுக்கு நான் பொறுப்பு. இத எட்துகினு போய் கூவத்துல வீசிடறேன்."

"சொல்லலன்னா?" என்றாள் ரோஸி.

"சொல்லலன்னா இது ஸ்டேசனுக்குப் போவும். எந்த லேத்துல கடஞ்சது, யாரு கடஞ்சான்னு தோண்டிகினே போவாங்க. அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு பட்டற பாக்கி உட மாட்டாங்க. எவன் குடும்பமோ நடுத்தெருவுக்கு வரும்."

மிரட்டுகிறோம் என்று நினைத்துத்தான் சொன்னான். எந்த இடத்தில் கை வைத்தோம் என்பது அவனுக்கே தெரியாது.

ரோஸியின் கையில் இன்னும் அந்த ஸ்பூன் இருந்தது. காம்பு உடைந்துபோன ஸ்பூனுக்குப் பித்தளையில் புதுக் காம்பு கடைந்து போட்டவர் ராயப்பன். அருள்தாஸின் அண்ணன். ராணுவத் தொழிற்சாலையில் லேத் வேலை. அந்த வீட்டில் கதவுக் கொண்டி, இட்லிப் பானை மூடிக் குமிழ், பாப்பாவின் நடைவண்டி அச்சு எல்லாமே அவர் கை கடைந்தவைதான். கை வழுக்கக்கூடாது என்று எதைக் கடைந்தாலும் பிடியில் நெருக்கமாக மூன்று கோடு இழுத்து, ஓரத்தை மழமழவென்று உருட்டிவிடுவது அவர் பழக்கம்.

ஸ்டூல் மேல் இருந்த குமிழிலும் நெருக்கமாக மூன்று கோடு இருந்தது. ஓரம் உருட்டியிருந்தது.

அவள் மாமியாரைப் பார்த்தாள். கிழவிக்குக் கிட்டப் பார்வை மங்கல். அவளுக்கு அது வெறும் பித்தளை. கஜபதி துண்டைச் சுற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். போகும்போது திரை விலக்கிப் பார்த்து, தைரியமா இருடா அருளு என்று ஒரு வார்த்தை வேறு சொல்லிவிட்டுப் போனான்.

ரோஸி ஸ்பூனைக் கழுவினாள். கழுவினதையே மறுபடி கழுவினாள்.

அன்று பகல் நகரவே இல்லை. பாப்பா ஹில்டா தூங்கி எழுந்தது. மழை தூறி நின்றது. அண்ணனூர்ப் பக்கம் மின்சார ரயில் போகிற சத்தம் வந்து வந்து போனது. அருள்தாஸ் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். மத்தியானக் கஞ்சியை வேண்டாம் என்றுவிட்டான். கஜபதி சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை நாளும் யார் என்ன சொன்னாலும், என் கை எனக்குத் தெரியாதா, நான் அடைக்கவில்லை என்று கட்டிலில் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தவன். அந்த நாளில் அடுப்பைப் பற்ற வைத்தது வரைக்கும்கூட அவனுக்குச் சரியாக ஞாபகம் இல்லை. அதிர்ச்சியில் அப்படித்தான் ஆகும், நினைவு வந்தாலும் வரும், வராமலும் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் தான் செய்யவில்லை என்கிற அந்த ஒன்றை மட்டும் அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

ரோஸிக்குள் ஆத்திரம் ஏறிக்கொண்டே போனது. செய்தவர் வேறொருத்தர். தினமும் இவனைத் தூக்கி உட்கார வைத்து, உடம்பு துடைத்து, கஞ்சி ஊட்டிவிட்டு வேலைக்குப் போகிறவர். கல்யாணமே வேண்டாமென்று தம்பியை வளர்த்த அண்ணன். அந்தக் கையால் ஊட்டிக்கொண்டே இத்தனை நாளும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாரே. தம்பி தலையில் பழி ஏறட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாரே. அவர் வரட்டும் என்று காத்திருந்தாள்.

அக்டோபர் மாதம், கோவிலில் ஜெபமாலை. சாயங்காலம் ஞானகுமாரி பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு புறப்பட்டுப் போனாள். அவள் தலை தெருமுனையில் மறைந்த கொஞ்ச நேரத்தில் ராயப்பனின் சைக்கிள் வந்தது.

அவர் பின்பக்கக் குழாயடியில் கை கால் கழுவினார். கிரீஸ் போகாத கையை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தார். ரோஸி காபி கொண்டுபோய்த் துணி துவைக்கிற கல் மேல் வைத்தாள். பக்கத்தில் அந்த ஸ்பூனையும் வைத்தாள்.

கஜபதி வந்ததையும், பித்தளைத் துண்டைக் காட்டினதையும், நாளைக்கு அருள் ஒத்துக்கொள்ளாவிட்டால் லேத் லேத்தாகத் தேடுவார்கள் என்று சொன்னதையும் மெல்லிய குரலில் சொன்னாள். உள்ளே கேட்டுவிடக்கூடாது.

"அதுல மூணு கோடு இருந்திச்சு மாமா," என்றாள்.

ராயப்பன் ஸ்பூனைப் பார்த்தார். காபியைப் பார்த்தார். அப்படியே குழாயடித் திட்டில் உட்கார்ந்துவிட்டார். பெரிய ஆகிருதி. அந்த உடம்பு உட்கார்ந்த விதத்தைப் பார்த்து அவளுக்கே ஒரு நொடி பாவமாகப் போய்விட்டது.

மறுக்கவில்லை அவர். தம்பி தினமும் அந்த ஒழுகல் வால்வைப் பற்றிப் புலம்பினான். ஆவி சீறிக்கொண்டே போய்விடுகிறது, நுரை எழும்பவில்லை, பெண் வீட்டுக்காரர்கள் திட்டுகிறார்கள் என்றான். கஜபதியோ மாற்றித் தரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மெஷின் பின்பக்கத்தில்தான் இருந்தது. அருள் வேன் பிடிக்கப் போயிருந்தான். ஒரே ஒரு நாள் ஓட்டத்துக்காக ராயப்பன் ஓட்டையைத் துண்டு போட்டு அடைத்து, மேலே பழைய மூடியை மாட்டிவிட்டார். புது வால்வை அடுத்த வாரம் தானே கடைந்து கொடுத்துவிடலாம் என்று இருந்தார். பித்தளை பாக்டரியுடையது. டிபன் கேரியரின் அடித்தட்டில் வைத்து கேட்டைத் தாண்டிக் கொண்டுவந்தது. அதே மாதிரி ஒரு துண்டுக்காக வேலை போய், குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு போன குடும்பம் அந்தக் காலனியிலேயே உண்டு.

"அவருக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? அடச்சிருக்கேன்டான்னு? சொல்லியிருந்தா அடுப்பக் கொறச்சுக்கிட்டு இருப்பாரே. அந்தம்மாவும் செத்திருக்காதே."

ராயப்பன் தலையை நிமிர்த்தவில்லை.

"சொன்னேனேமா."

"யார்கிட்ட?"

அவர் கிரீஸ் துணியை மடித்தார், பிரித்தார்.

"யார்கிட்ட மாமா சொன்னீங்க?"

"உங்கிட்டதாம்மா," என்றார் ராயப்பன். "எனக்கு செகண்ட் ஷிப்டுக்கு நேரமாயிடுச்சு. நீ ஜன்னலுக்கு உள்ள பாப்பாவுக்குத் தல குளிப்பாட்டிகினு இருந்த. வால்வ அடச்சிருக்கேன், மீட்டர் முள்ளு செவப்புக் கோட்டுக்குப் போனா நெருப்பக் கொறச்சுக்கச் சொல்லுன்னேன். சரின்ன."

ரோஸிக்கு முதலில் அது வேறு யாரையோ பற்றின பேச்சு மாதிரிதான் இருந்தது.

அப்புறம் வந்தது. ஜன்னல் கம்பிக்கு வெளியே அவர் நின்றது. பாப்பா கண்ணில் சீயக்காய் பட்டு வீரிட்டது. அவர் என்னவோ சொன்னது. தான் சரி மாமா என்றது. எல்லாம் ஒன்று பாக்கியில்லாமல் வந்து நின்றது.

அவள் மறந்துபோகவில்லை. அதுதான் கொடுமை. அருள்தாஸ் வேனோடு திரும்பி வந்தபோது அது அவளுக்கு ஞாபகம் இருந்தது. சொல்லவில்லை.

அன்று ஐயப்பன்தாங்கலில் அவள் அக்கா குழந்தைக்கு ஞானஸ்நானம். கட்டாயம் வருகிறேன் என்று அருள்தாஸ் சத்தியம் செய்திருந்தான். முந்தின நாள் கஜபதி கூப்பிட்டுவிட்டதும் வாக்கைக் காற்றில் விட்டுவிட்டு ரிசப்ஷனுக்கு ஒத்துக்கொண்டான். அதிலிருந்து அவள் அவனோடு பேசவில்லை. தட்டை நகர்த்தி வைத்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புருஷன் பெண்டாட்டிக்குள் எந்த வீட்டில் இல்லாத சண்டை? மெஷினை ஏற்றும்போது அவன் இரண்டு தரம் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை. அவர் அண்ணன் சொன்னதை அவர் அண்ணனே சொல்லிக்கொள்ளட்டும், நான் எதற்கு முதலில் பேச வேண்டும் என்று இருந்துவிட்டாள். வால்வு ஒழுகுகிறது என்று அவன் புலம்பினது காதில் விழுந்திருந்தாலும், அது எதற்காக இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் விட்டால் ஒரு பொம்பளை வெந்து சாவாள் என்று அவள் எங்கே கண்டாள்?

காலையிலிருந்து சேர்த்து வைத்த ஆத்திரத்துக்கு இப்போது போக இடமில்லாமல் போயிற்று. ரோஸி துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ஏன் இத்தன நாளா சொல்லல?"

"எப்டி சொல்றது? சொன்னா, ரோஸிகிட்ட சொல்லிட்டுப் போனேன்னும் சொல்லியாவணும். அவன் கட்டோட படுத்துகினு ஒங் கையப் புடிச்சிகினு கெடக்கறான். அந்தக் கையையும் நான் புடுங்கணுமா?"

ராயப்பன் எழுந்தார். காபியில் நுரை அடங்கி மேலே ஏடு படிந்துவிட்டது. நாளைக்கு இன்ஸ்பெக்டர் வந்ததும் தானே ஒத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். யாரிடமும் சொல்லவில்லை, என் புத்தி கெட்டு நானே அடைத்தேன் என்றுதான் சொல்லுவாராம். உன் பேர் என் வாயில் வராது என்றார். தம்பி செய்யவில்லை என்பதாவது ஊருக்குத் தெரியட்டும் என்றார்.

நல்ல மனுஷர் சொல்கிற வார்த்தைதான். ஆனால் அவர் ஒத்துக்கொண்டால் அடுத்த நாளே வேலை போகும். ஜெயிலுக்குப் போவார். குவார்ட்டர்ஸ் அவர் பேரில் இருக்கிறது. மங்கல் பார்வைக் கிழவி, குருட்டுப் புருஷன், கைக்குழந்தை, இவர்களோடு ரோஸி எங்கே போய் நிற்பாள்? இதையெல்லாம் அவள் அவரிடம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒரு ராத்திரி பொறுங்கள் மாமா என்று கெஞ்சினாள். சொன்னது அத்தனையும் நியாயம்.

சொல்லாதது ஒன்று இருந்தது. விசாரணை என்று வந்துவிட்டால் இன்ஸ்பெக்டர் சும்மா விடமாட்டார், துருவுவார். ராயப்பனுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. எங்கேயோ ஓர் இடத்தில் அவள் பேர் வந்துவிடும். அருள்தாஸ் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பான். ரோஸிக்கு ஜெயிலைவிட, தெருவைவிட, அந்த ஒன்றுதான் பயமாக இருந்தது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ரோஸி."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அருள்தாஸ் தானாகவே எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். காபி கேட்டான். அண்ணன் வந்தாச்சா என்று கேட்டான். பின்னால் இருக்கிறார் என்றாள். கல் மேல் இருந்த அந்த ஸ்பூனை எடுத்து வர அவளுக்கு மனசு வரவில்லை. வேறொரு ஸ்பூனை எடுத்துக்கொண்டு அவன் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தாள்.

அவன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். தண்ணி அதிகமாயிடுச்சு போல என்றான். இன்னும் அடி, இன்னும் என்றான். தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது. வலிக்கட்டும் என்று அடித்தாள். கறுப்பு செம்மண்ணாகி, செம்மண் வெளுத்து, சந்தனமாகத் திரண்டு வந்தது.

அவன் போதும் என்று சொல்லவில்லை.

"ரோஸி, கஜபதி பேசினதெல்லாம் கேட்டேன்," என்றான். "காலைலேர்ந்து அதையே நெனச்சிகினு கீறேன். அன்னிக்கு எனக்கு அடுப்பப் பத்த வச்சதுகூட ஞாபகம் வர மாட்டுது. வால்வ அடச்சதும் அப்டியே மறந்துபோயிருக்குமா?"

ரோஸியின் கை நின்றது.

"நானும் எத்தினியோ தபா நெனச்சவன்தானே. இந்த ஓட்டைய எதையாவது வச்சி அடச்சுட்டா இன்னா, நொர சும்மா பூ மாதிரி எழும்புமேன்னு நெனச்சிருக்கேன். நெனச்சவன் செஞ்சும் இருப்பான் இல்ல?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கட்டுக்குக் கீழே தோல் உரிந்து சிவந்திருந்த கன்னம்.

"நீ அன்னிக்கு ஊட்லதான இருந்த. மத்தவங்க எனக்காவ சொல்லுவாங்க, இல்ல என்னப் புடிக்காம சொல்லுவாங்க. நீ பொய் சொல்ல மாட்ட. நெசத்தச் சொல்லு. நான்தான் அடச்சனா?"

இல்லை என்று சொல்ல அவளுக்கு ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் அடுத்த கேள்வி வரும். அப்போ யாரு என்பான். அதற்கும் பதில் சொன்னால், எனக்கு ஏன் யாருமே சொல்லவில்லை என்பான். இது எல்லாமே அவளுக்கு வரிசையாகத் தெரிந்தது. வாசலில் நின்று தன் பேரை இரண்டு தரம் கூப்பிட்ட அவன் முகமும் தெரிந்தது. அன்றைக்கு அந்த முகத்தில் இரண்டு கண்ணும் இருந்தன.

"நீங்கதான்," என்றாள் ரோஸி.

அவள் பாலை எடுத்து வந்து ஊற்றினாள். நுரை விளிம்பு வரைக்கும் ஏறியது. டம்ளரை அவன் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள். அவன் ஒரு வாய் குடித்தான்.

"நல்லா வந்துகீது," என்றான். அப்புறம், "இப்பத்தான் மனசுக்கு ஒரு தெளிவா கீது ரோஸி. நான் செய்யல, நான் செய்யலன்னு கத்தி கத்தி எனக்கே சலிச்சுப் போச்சு," என்றான்.

அவன் கையைத் துழாவி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அவளுக்கு அந்தக் கையை உதறிவிட்டு எங்காவது ஓடிப்போய்விடலாம் என்று இருந்தது. உதறவில்லை. அப்படியே விட்டிருந்தாள்.

"நாளைக்கு இன்ஸ்பெக்டர் வர்றதுக்கு முன்னாடி என்ன மேனாம்பேட்டுக்குக் கூட்டிகினு போவணும். எல்லம்மா செத்தது என்னாலதான்னு அப்பாவு கால்ல உழுந்து சொல்லணும். அவரு அடிச்சா அடி வாங்கிக்கறேன். அவங்க ஊட்டு வாசலாண்ட சொல்லிட்டு வந்துட்டா, அப்பறம் போலீஸு இன்னா எழுதிகினாலும் எனக்கு ஒண்ணும் இல்ல."

வேண்டாம் என்றாள் அவள். உடம்பு தாங்காது என்றாள். கண் கட்டின் மேல் தூசி படும், டாக்டர் திட்டுவார் என்றாள். அவன் காதிலேயே வாங்கவில்லை. இத்தனை நாளில் முதல் தடவையாக அவன் குரலில் ஒரு தெம்பு வந்திருந்தது.

"அண்ணன் கூட்டிகினு போவட்டும்," என்றான் அருள்தாஸ். "அண்ணன் தோளப் புடிச்சிகினாதான் எனக்கு நடக்க தைரியம் வரும். அப்பாவு எதிர்ல நிக்கும்போதும் அண்ணன் என் பக்கத்துல நிக்கட்டும். நீ போய் சொல்லு."

சொல்லப் போக வேண்டியிருக்கவில்லை. பின்பக்கக் கதவை ஒட்டி ராயப்பன் ஏற்கெனவே வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார், எதிலிருந்து கேட்டார் என்று ரோஸிக்குத் தெரியவில்லை. அவர் அவளைப் பார்க்கவில்லை. தம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணா, அங்கயா கீற? என்ன கூட்டிகினு போவியா?"

"சரிடா," என்றார் ராயப்பன்.